இவளுக்கு நான் பொறுப்பு

கிதகாவா இன்றைக்கு வரமாட்டாராம். நொமுரா தடுப்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டி, அவர் மனைவி இப்போதுதான் போன் பண்ணினாள், காய்ச்சலாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் காய்ச்சலை அவளே வரவழைத்த மாதிரி என்னிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். அவளுக்கென்ன, வரவேற்பு மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் நாற்பது நிமிடம் இங்கேயே இருக்க வேண்டும். மாணவர் வராவிட்டாலும் வகுப்பு நேரம் முடிகிறவரை ஆசிரியர் இடத்தை விட்டு நகரக் கூடாது, ஒருவேளை மனம் மாறி வந்துவிட்டால்? காய்ச்சல்காரர் மனம் மாறி ஆங்கிலம் படிக்க வந்ததை இந்த ஏழு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். நான்காம் நம்பர் அறை. அறை என்பது மரியாதைக்கு. தோள் உயரத்துக்கு மூன்று பக்கம் தடுப்பு, நடுவில் ஒரு மேஜை, முழங்கால் முட்டிக்கொள்கிற மாதிரி இரண்டு நாற்காலி; மனதுக்குள் நான் இதைக் கூண்டு என்றுதான் சொல்வேன். பக்கத்துக் கூண்டில் இன்னொரு வாத்தியார், கனடாக்காரன், யாரோ ஒரு இல்லத்தரசியிடம் ‘குட் ஜாப், குட் ஜாப்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தம்மா இன்னும் ஒரு வாக்கியம்கூட முழுதாகச் சொன்னபாடில்லை. கடிகாரம் ஒன்று நாற்பத்திரண்டு. ஈஸ்வரி இரண்டு மணிக்கு மேல் வந்துவிடுவாள். வந்ததும் ‘போட்டீங்களா?’ என்று கேட்பாள். ஆறு நாளாக அதைத்தான் கேட்கிறாள். ஆறு நாளாக நான் ‘போட்டுடலாம், என்ன அவசரம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று ஐந்து மணிக்குள் அந்தக் காகிதம் கம்பெனியில் இருக்க வேண்டும். இனிமேல் என்ன அவசரம் என்று சொல்ல முடியாது.

பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். வைத்ததே பெரிய காரியம். ஒரே ஒரு பக்கம். இந்த ஊரில் புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருக்காக இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும். திருடிவிட்டு உள்ளே போனவனுக்கு நிற்கிற ஜாமீன் இல்லை. ஒரு தப்பும் செய்யாமல் திங்கட்கிழமை வேலையில் சேரப் போகிற ஆளுக்கு. இவர் ஒழுக்கமானவர் என்று நான் அறிவேன், விதிகளை மீறமாட்டார், இவரால் கம்பெனிக்குக் கேடு வந்தால் இவரோடு சேர்ந்து நானும் பொறுப்பு, இது ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்று அச்சடித்திருக்கிறது. கீழே கட்டங்கள். ஜாமீன்தாரர் பெயர், முகவரி, தொழில், பணியாளருக்கு என்ன உறவு. கடைசியில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் முத்திரை. இவர்களுக்குக் கையெழுத்து போதாது. சுண்டுவிரல் கனத்தில் பெயர் செதுக்கிய கட்டை, சிவப்பு மை, வட்டத்துக்குள் நேராக, கலங்காமல் விழ வேண்டும். கலங்கினால் காகிதம் செல்லாது. கம்பெனி கொடுத்தது இந்த ஒரு காகிதம்தான். உறவு என்கிற கட்டத்தில் நான் எழுத வேண்டியது: கணவன். இவளை அறிவேன் என்று சொல்ல என்னை விட்டால் யார்? எனக்கு வயிறு எரிகிறது. சுற்றி வளைப்பானேன், எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் எரியும், தம்பி மாடி கட்டினால் எரியும், அதெல்லாம் ஊர் உலகத்தில் உள்ளதுதான், நாலு பேரிடம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். கட்டின பெண்டாட்டிக்கு வேலை கிடைத்ததற்கு எரிகிற வயிற்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

இஞ்சினியர் நான். மெக்கானிக்கல், முதல் வகுப்பு. கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் நாலு வருடம், அப்புறம் ஜப்பானில் இந்த ஹமாமட்சுவுக்கு, கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலைக்கு, இரண்டு வருட ஒப்பந்தத்தில். ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அப்போது கல்யாணம் ஆகி எட்டு மாதம். ஊருக்குத் திரும்பிப் போய் மாமனார் முகத்தில் விழிக்கக் கூடாது, விசாவும் நிற்க வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் இந்தப் பள்ளிக்கூடம் ஆள் தேடிக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம் என்று சான்றிதழ் கேட்டார்கள். அப்பா அருப்புக்கோட்டை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு மூன்று நடை நடந்து வாங்கி அனுப்பினார். மூன்று மாதத்துக்குத்தான் என்று அவரிடம் சொன்னேன். ஈஸ்வரியிடமும் சொன்னேன். அந்த மூன்று மாதம் ஏழு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்து நோட்டீஸில் ஒரு வெள்ளைக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான், அவன் யார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. என் படம் எதிலும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இங்கே முதல் விதி, மாணவர் காதில் விழ ஜப்பான் மொழி பேசக் கூடாது. ஆங்கிலம் மட்டும்தான் தெரியும் என்பது போல இருக்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் வாயைத் திறப்பார்களாம். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது புரிந்தாலும் புரியாத முகம் வைக்க வேண்டும். முதலில் அது நடிப்பாக இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை புரியாத முகம் வைத்து வைத்து, இப்போது பாதி நிஜமாகவே புரிவதில்லை. தொழிற்சாலையில் கற்ற நாலு வார்த்தையும் துருப்பிடித்துப் போனது. வேறு வேலைக்கு எழுதிப்போடாமல் இல்லை. இந்த நாட்டில் வேலை இல்லை போ என்று எழுத மாட்டார்கள். இந்தத் தடவை தங்கள் விருப்பத்துக்கு இணங்க இயலவில்லை, தாங்கள் மேன்மேலும் சிறக்கப் பிரார்த்திக்கிறோம் என்று எழுதுவார்கள். எனக்காக இந்த ஊர்க் கம்பெனிகள் பிரார்த்தித்த அளவுக்கு என் அம்மா இருக்கன்குடி மாரியம்மனிடம்கூடப் பிரார்த்தித்திருக்க மாட்டாள். ஒரே ஒரு இடத்தில் நேரில் கூப்பிட்டார்கள். ஏழு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறீர்களே, நல்ல தொழில், அதிலேயே இருக்கலாமே என்றார் ஒரு பெரியவர். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இவள் வந்தது என்னோடு ஒட்டிக்கொண்டு. இது நான் சொல்வதில்லை, குடியேற்ற அலுவலகம் கொடுத்த அட்டை சொல்கிறது: குடும்பத்தைச் சார்ந்து தங்குபவர். அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருத்தர் சட்டப்படி என்னைச் சார்ந்திருக்கிறார் என்பதில் ஒரு கனம் இருந்தது, நடையிலேயே வந்து ஏறிக்கொள்கிற கனம். சார்ந்திருப்பவர் வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம். பி.காம். படித்து சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் சரக்கு அனுப்புகிற பிரிவில் இருந்தவள், இங்கே பெட்டிச் சாப்பாடு அடைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தாள். வெள்ளைத் தொப்பி, வெள்ளை முகமூடி, கண் மட்டும் தெரிய வரிசையில் நின்று, ஓடி வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு துண்டு ஊறுகாய் வைக்க வேண்டும். நான் வருத்தப்பட்டேன். நிஜமாகத்தான் வருத்தப்பட்டேன். அந்த வருத்தத்தில் ஒரு சொகுசு இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. நீ இதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை ஈஸ்வரி, எனக்கு நல்லதா ஒண்ணு அமைஞ்சதும் விட்டுரு என்பேன். அவள் விடவில்லை. வரிசைக்குத் தலைவி ஹயாஷி என்கிற அம்மாள், அறுபது வயதிருக்கும், ஆம்பளைக் குரல். அந்தம்மாளோடும் மற்ற தொப்பிக்காரிகளோடும் நாள் முழுக்க நின்றுகொண்டு பேசிப் பேசி, ஈஸ்வரி இந்த ஊர் மொழியை இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுகிறாள், இழுக்கிற இடத்தில் இழுத்து, முழுங்குகிற இடத்தில் முழுங்கி. நான் பேசினால் காய்கறிக் கடைக்காரர் பாவம் மெதுவாக, சத்தமாக, குழந்தைக்குச் சொல்வது போலப் பதில் சொல்வார். அவள் பேசினால் கூட ஒரு கட்டுக் கீரை போட்டுக் கொடுப்பார். வங்கியிலிருந்து போன் வந்தால் நான் அவளிடம் நீட்டுவேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவாள், பேசுவாள், நடுவில் சிரிப்பாள். வங்கிக்காரனோடு சிரிக்க என்ன இருக்கிறது? நான் சேனலை மாற்றிக்கொண்டே காதை அங்கேதான் வைத்திருப்பேன்.

அந்தத் தொழிற்சாலையில் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அடிக்கடி மக்கர் பண்ணும். மெஷின் செய்கிற கம்பெனி இதே ஊரில்தான், மெக்கானிக் வருவான், மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள், இவள் மட்டும் பக்கத்தில் நின்று இது என்ன, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஒரு வருடத்தில் மெக்கானிக் வராமலே இவளே திறந்து சரிசெய்ய ஆரம்பித்தாள். “சத்தத்துலயே தெரிஞ்சுரும்ங்க, ரோலர் வழுக்குதுன்னு” என்று ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். நான், மெக்கானிக்கல் முதல் வகுப்பு, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு ம் கொட்டினேன். நான் கடைசியாக ஒரு ரோலரைத் தொட்டு எட்டு வருடம் இருக்கும். அந்த மெக்கானிக்தான் விளம்பரத்தாளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இந்தியாவில் முறுக்கு மிக்சர் கம்பெனிகளெல்லாம் அவர்கள் மெஷினை வாங்குகின்றன, இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த, மெஷின் புரிந்த ஒரு ஆள் வேண்டும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிடுகிற மேஜையில் அதை விரித்து வைத்து, “நான் போட்டுப் பாக்கட்டுமாங்க?” என்று கேட்டாள். நான் படித்தேன். இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தேன். இது என் வேலை, எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது. நான் என்ன சொன்னேன்? அதுதான் இப்போது வந்து நிற்கிறது, எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. “இஞ்சினியரிங் படிச்சவங்களத்தான் எடுப்பாங்க ஈஸ்வரி. சும்மா எழுதிப் போட்டு மனசு கஷ்டப்படாத” என்றேன். மறுநாள் திங்கட்கிழமை, இதே கூண்டில், இதே நாற்காலியில், இரண்டு வகுப்புக்கு நடுவில், செல்போனில் அந்தக் கம்பெனி இணையப் பக்கத்தில் நான் விண்ணப்பித்தேன்.

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கிடைத்தால் சொல்லலாம். கிடைத்திருந்தால், உனக்கு எதுக்கு அந்த அலைச்சலெல்லாம், எனக்கே கிடைச்சிருச்சு பாரு என்று இனிப்பு வாங்கிக்கொண்டு போயிருப்பேன், அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள், அதுதான் மோசம், கட்டாயம் சந்தோஷப்பட்டிருப்பாள். ஒன்பதாம் நாள் பிரார்த்தனை வந்தது. ஒகுமுரா என்பவர் அனுப்பியிருந்தார். நேரில்கூடக் கூப்பிடவில்லை. அவள் நான் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். விடவில்லை. விண்ணப்பத்தைக் கையால்தான் எழுத வேண்டும், ஒரு எழுத்து பிசகினாலும் அடித்து எழுதக் கூடாது, புதுத்தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும் என்று ஹயாஷி அம்மாள் சொல்லியிருக்கிறாள். பதினோரு தாள். சமையலறைக் குப்பைக்கூடையில் கசங்கின தாள்களைப் பார்த்துவிட்டு ஏதோ சமையல் குறிப்பு எழுதிப் பழகுகிறாள் என்று நினைத்தேன் நான். அப்புறம் ஒரு நாள், அவங்க கூப்பிட்டுருக்காங்க என்றாள். அப்புறம் ஒரு நாள், மெஷினைத் திறக்கச் சொன்னாங்க, திறந்து காமிச்சேன் என்றாள். அப்புறம், கெடைச்சிருச்சுங்க. அவள் சொன்னபோது நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, குனிந்திருந்தேன். சந்தோஷம் ஈஸ்வரி என்று ஷூவைப் பார்த்துச் சொன்னேன். ஒகுமுரா சார் தங்கமான மனுஷர்ங்க என்றாள். நான் லேஸை இன்னொரு தடவை அவிழ்த்துக் கட்டினேன்.

இதுவரை யாருக்கும் தெரியாது. தெரியாததற்குக் காரணம் எங்கள் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வெளிநாட்டில் தகராறு என்று ஏஜெண்ட் அப்பா பெயரைப் போட்டுவிட்டான். அதனால் இந்த நாட்டில் நான் மூக்கையா. தனிக்கொடி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ஈஸ்வரிக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான் தெரியும். மாணவர்கள் ‘முக்கையா சென்செய்’, அதாவது மூக்கையா வாத்தியார், என்று குனிந்து வணங்குவார்கள். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆன என் அப்பா, இத்தனை பேர் தன் பெயரைச் சொல்லி இங்கிலீஷ் கற்றுக்கொள்வது தெரியாமல் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவள் பாஸ்போர்ட்டில் அவள் அப்பா, சுப்புராஜ். கல்யாணத்துக்கு அப்புறம் மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அலுப்பில் விட்டுவிட்டோம். எங்கள் தபால் பெட்டியில் மூக்கையா, சுப்புராஜ் என்று இரண்டு பெயர், இரண்டு மாமாக்கள் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற மாதிரி. இணையப் படிவத்தில் முகவரி கேட்கவில்லை. ஆகையால் ஒகுமுராவுக்கு சுப்புராஜும் மூக்கையாவும் யாரோ இரண்டு இந்தியர்கள். இந்தக் காகிதத்தில் நான் பெயரெழுதி, உறவு என்கிற இடத்தில் கணவன் என்று எழுதி, மூக்கையா என்று முத்திரை குத்தினால், ஒகுமுரா பார்ப்பார். எத்தனை மூக்கையா அவருக்கு எழுதிப் போட்டிருக்கப் போகிறான்? பார்ப்பார், புருவத்தை நெரிப்பார், கம்ப்யூட்டரில் தேடுவார். பிறகு ஒரு நாள் டீ இடைவேளையில், சுப்புராஜ் அவர்களே, தங்கள் கணவரும் நமக்கு விண்ணப்பித்திருந்தார் அல்லவா என்று மரியாதையாகக் கேட்பார். தேதியைக்கூடச் சொல்வார். அவள் அந்தத் தேதியை நினைத்துப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள். சும்மா எழுதிப் போட்டு மனசு கஷ்டப்படாத.

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. முத்திரையை எடுத்து வைத்திருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்கினால் போதும். கலங்கிப்போச்சு ஈஸ்வரி, மை சரியில்லை. யார் என்ன சொல்ல முடியும்? கம்பெனி கண்டிப்பு இவளுக்கும் தெரியும். இன்னொரு காகிதம் கேட்டு, வாங்கி, அதற்குள் ஐந்து மணி தாண்டி, தேதி தவறினவளை எதற்கு எடுப்பது என்று அவர்களும் பிரார்த்தித்துவிட்டால்? அவள் திங்கட்கிழமை மறுபடி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு போவாள். நான் ஆறுதல் சொல்வேன். எவ்வளவு அழகாகச் சொல்வேன் என்று எனக்கே கேட்கிறது. வேலை கிடைத்தால் அவள் அட்டை மாறிவிடும், அவள் யாரையும் சார்ந்து தங்குபவர் இல்லை. இந்தப் பள்ளிக்கூடம் நாளை மூடிக்கொண்டால் நான்தான் அவளைச் சார்ந்து தங்குபவர், வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் பெட்டியில் ஊறுகாய் வைக்கலாம். அதைவிட அவள் தொப்பி போட்டுக்கொண்டு போவது நல்லது. அவளுக்கும் பழகின இடம். இப்படி நினைத்தபோது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நிஜமாகவே. காலையிலிருந்து, இல்லை, ஆறு நாளாக, இல்லை, அந்த லேஸ் கட்டின காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி, தோள்கூட இறங்கிவிட்டது. அவள் தோற்றுப்போய் என் எதிரில் நிற்கிறாள், எனக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. பயந்துபோனேன். யார் நீ என்று சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இல்லை, கூண்டில் நான் மட்டும். பேனாவை எடுத்தேன். யோசித்தால் எழுத மாட்டேன் என்று தெரிந்துவிட்டது, அதனால் மடமடவென்று எழுதினேன். மூக்கையா தனிக்கொடி. முகவரி. தொழில்: இஞ்சினியர் என்று எழுதலாமா என்று கை ஒரு நொடி நின்றது, ஆங்கில ஆசிரியர். உறவு: கணவன். முத்திரையை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்து, வட்டத்துக்குள் அமுக்கினேன். எடுத்தேன். நேராக, ஒரு கோடுகூடக் கலங்காமல், அச்சில் அடித்த மாதிரி விழுந்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்து நான் இவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை. வரட்டும், ஒகுமுரா கேட்கட்டும், அவள் அழட்டும், திட்டட்டும், அது அவள் உரிமை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அசடு மாதிரி. மணி இரண்டு ஏழு.

முதலில் சிரிப்புச் சத்தம்தான் வந்தது. வரவேற்பு மேஜையில் ஈஸ்வரி ஏதோ சொல்ல, நொமுரா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், தடுப்புக்கு மேலே தெரிகிறது. ஏழு வருடமாக நொமுரா என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், நன்றி சொல்லியிருக்கிறாள், குனிந்திருக்கிறாள். இப்படி ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. இவள் வந்து முழுசாய் மூன்று நிமிடம் ஆகவில்லை. கனடாக்காரன்கூட எட்டிப் பார்த்து ஹாய் என்கிறான். ஈஸ்வரி அவனுக்கும் ஒரு ஹாய் சொல்லிக்கொண்டு வருகிறாள், நெற்றியில் தொப்பியின் ரப்பர் அழுத்தின கோடு இன்னும் போகாமல், காற்றில் கன்னம் சிவந்து, அத்தனை அழகாக. எல்லாரும் உன்னைத்தானா பார்க்க வேண்டும்? எல்லாம் உனக்கேவா? எரிச்சல் மறுபடி அடிவயிற்றிலிருந்து ஏறியது, கண்ணீர் காய்வதற்குள். என் கை என்ன செய்கிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காகிதத்தை இழுத்துக் கிதகாவாவுக்காக எடுத்து வைத்திருந்த பாடப்புத்தகத்துக்கு அடியில் தள்ளியது.

“போட்டீங்களா?”

“உக்காரு.”

“உக்கார நேரமில்லங்க, ரெண்டு இருபத்தஞ்சுக்கு பஸ்.”

“இல்ல ஈஸ்வரி, யோசிச்சுப் பாத்தேன். நான் போட்டா நல்லாருக்காது. புருஷனே பொண்டாட்டிக்கு ஜாமீன்னா அவங்களுக்கு ஒரு மாதிரி படும். அதுவும் நம்ம ரெண்டு பேருமே வெளிநாட்டு ஆளுக. இந்த ஊர்க்காரவுங்க யாராச்சும் போட்டா உனக்கு மதிப்பா இருக்கும். ஹயாஷி அம்மாட்ட கேட்டுப் பாரேன்.”

அவள் நின்றபடியே என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் கேட்கிறவள் பார்வையாக இருந்தது.

“அப்ப போடல.”

“போட மாட்டேன்னா சொல்றேன்? உன் நல்லதுக்குத்தான்...”

அவள் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். அதே காகிதம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஹயாஷி. வட்டத்துக்குள் சிவப்பு முத்திரை. தேதி ஆறு நாளைக்கு முந்தினது.

“அன்னைக்கே இன்னொரு பேப்பர் கேட்டு வாங்கிட்டேன்” என்றாள். “கெடைச்சிருச்சுன்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்ல. நீங்க போட மாட்டீங்கன்னு அப்பவே தெரியும்.”

“பின்ன எதுக்கு ஆறு நாளா என்னையப் போட்டுப் படுத்துன?”

“போட்ருவீங்கன்னுதான்.”

சொல்லிவிட்டு உறையைப் பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கியது, பின்னால் இழுத்து மறுபடி இழுத்தாள். புத்தகத்தின் மேல் என் கை இருந்தது. தூக்கினால் போதும். இந்தா பாரு ஈஸ்வரி, போட்டுட்டேன், நீ வரதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். அப்படியானால் இப்போது சொன்னதெல்லாம் என்ன என்று கேட்பாள். என்ன சொல்வேன்? நீ நொமுராவைச் சிரிக்க வைத்ததால் என்றா? அதைவிட, இதைச் சொல்லியே ஆக வேண்டும், அப்போது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. என் பெயர் ஒகுமுராவிடம் போகாது. அவள் அந்தத் தேதியை எண்ணிப் பார்க்க மாட்டாள். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அடங்குவதற்குள் அவள் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

“சாயந்தரம் தோச மாவு இருக்கு, ஊத்திக்கங்க. எனக்கு நேரமாகும்.”

வரவேற்பு மேஜையில் நொமுரா அவளை நிறுத்தினாள். இன்று என்ன விசேஷம், இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்களே என்று கேட்டாள். ஈஸ்வரி, புது வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை சேர்கிறேன் என்றாள். நொமுரா கைதட்டினாள். ஜாமீன் காகிதத்துக்காக வந்தேன், என் கணவர் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டார், அவர்தான் ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் துணையாக இருந்தார், அவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை ஏது என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பிறகு படியிறங்குகிற சத்தம் கேட்டது.

நொமுரா நேராக என் கூண்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் விரிந்திருந்தது. “வாழ்த்துகள், முக்கையா சென்செய். உங்கள் மனைவி எவ்வளவு கொடுத்து வைத்தவர்” என்றாள். நான் எழுந்து நின்று, குனிந்து, நன்றி சொன்னேன்.